“லேட்டாத்தான் பேசுவான்” என்கிறார்களா? உஷார்!

“ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்.”

“உன் புருஷனே மூணு வயசுலதான் வாயைத் திறந்தான். இப்ப மூடுறானா பாரு!”

“பொறும்மா, எல்லாம் தன்னால வரும்.”

இரண்டு வயதாகியும் பிள்ளை ‘அம்மா’ என்று கூப்பிடவில்லையே என்று ஒரு தாய் கவலைப்பட்டால், மாமியார் முதல் மாடிவீட்டுக்காரர் வரை தரும் ஆறுதல் இதுதான். எல்லாம் பிரியத்தில் சொல்வது. அந்தப் பிரியத்தை நம்பி ஆறு மாதம், ஒரு வருடம் என்று சும்மா இருந்துவிடுகிறோம். காது கேளாத குழந்தைக்கு, தைராய்டு சுரக்காத குழந்தைக்கு, மூளைக்குள் வலிப்பு ஓடிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அந்த ஆறு மாதத்தை எந்த மருத்துவராலும் திருப்பித் தர முடியாது.

லேட்டாகப் பேசும் பிள்ளைகளில் பலர் பிற்பாடு சரளமாகப் பேசிவிடுகிறார்கள், மறுக்கவில்லை. உங்கள் பிள்ளை அந்தப் பலரில் ஒருவனா, மீதிச் சிலரில் ஒருவனா என்பதுதான் கேள்வி. அதைப் பரிசோதனைதான் சொல்லும், பாட்டி சொல்ல முடியாது. பாட்டிக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் பேசிவிட்ட பிள்ளைகள். பேசாமலே போன பிள்ளைகளைப் பற்றி எந்த வீட்டிலும் கதை சொல்வதில்லை.

முதலில் காது. பேச்சு வரவில்லை என்றால் நம் ஊரில் எல்லோரும் பிள்ளையின் வாயைத்தான் பார்க்கிறார்கள். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவுகிறார்கள். “நாக்கு ஒட்டியிருக்கு, அடியில லேசா வெட்டிவிட்டா பேசிடுவான்” என்கிறார்கள். நாக்கு ஒட்டியிருந்தால் பால் குடிக்கச் சிரமம் வரலாம், சில எழுத்துகள் தெளிவில்லாமல் போகலாம். பேச்சே வராமல் போகாது. காதில் விழாத சொல்லை எந்தப் பிள்ளையும் திருப்பிச் சொல்லாது, அவ்வளவுதான்.

“எங்க பிள்ளைக்குக் காது நல்லாக் கேக்குது, தட்டைத் தட்டினா திரும்புறான்” என்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். நீங்கள் தட்டும்போது உங்கள் கை அசைவது அவன் கண்ணோரத்தில் தெரிகிறது. கதவைப் படாரென்று சாத்தினால் தரை அதிர்வது உடம்பில் தெரிகிறது. பாதி கேட்கும் காதும் உண்டு. லாரி ஹாரன் விழும், நாம் மெதுவாகச் சொல்லும் சொல்லில் பாதி எழுத்து விழாது. இதையெல்லாம்விடப் பெரிய ஏமாற்று ஒன்று இருக்கிறது. காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் மற்ற குழந்தைகளைப் போலவே ‘ஆ... ஊ...’ என்று குரல் கொடுக்கும். ஆறு மாதத்தை ஒட்டி ‘பபபப’, ‘தததத’ என்று மழலை பெருக வேண்டிய நேரத்தில்தான் அடங்க ஆரம்பிக்கும். “முன்னாடி நல்லா சத்தம் போட்டுட்டு இருந்தானே, இப்பதான் அமைதியாகிட்டான்” என்று ஒரு அம்மா சொன்னால் அன்றைக்கே காதைப் பார்த்தாக வேண்டும்.

பிறந்த ஓரிரு நாளிலேயே பார்க்கலாம். தூங்கும் குழந்தையின் காதில் சின்ன முனை ஒன்றை வைத்து ஓ.ஏ.இ. என்ற சோதனையைச் சில நிமிடங்களில் முடித்துவிடுவார்கள். வலி இல்லை, ஊசி இல்லை. அதில் தேறாவிட்டால் பெரா என்ற அடுத்த சோதனை. இன்குபேட்டரில் இருந்த குழந்தை, ரத்தம் மாற்றும் அளவுக்கு மஞ்சள் காமாலை ஏறிய குழந்தை என்றால், ஓ.ஏ.இ. தேறினாலும் பெரா பார்த்துவிடுங்கள். காது நன்றாக இருந்து, காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு கெட்டிருந்தால் முதல் சோதனையில் அது சிக்காது. அக்கா மகளையோ மாமன் மகளையோ கட்டியவர்களின் பிள்ளைகளுக்குப் பரம்பரைக் காதுகேளாமை வர வாய்ப்பு கூடுதல். அவர்களும் விடக் கூடாது. ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறை இருக்கிறதா என்ற முடிவு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை ஆரம்பம். காது மருத்துவர்கள் கடைப்பிடிக்கும் 1-3-6 கணக்கு இதுதான். ஆனால் நம் ஊரில் பிறக்கிற எல்லாப் பிள்ளைக்கும் இந்தச் சோதனை நடப்பதில்லை. கேட்டால்தான் கிடைக்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. ஆகவே கேளுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காது கேட்கச் செய்யும் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். ‘அப்போ ஆறு வயசு வரைக்கும் டைம் இருக்கு’ என்று கணக்குப் போட்டால் அதைவிட அபாயம் வேறில்லை. ஒரு வயதை ஒட்டிக் கருவி பொருத்திய பிள்ளையும் ஐந்தரை வயதில் பொருத்திய பிள்ளையும் பேச்சில் ஒன்றாக வரமாட்டார்கள். சத்தத்தைக் கேட்டுப் பழகாத மூளைப் பகுதி அதற்குள் வேறு வேலைக்குப் போய்விடுகிறது.

அடுத்தது, பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சில சங்கதிகள். எனக்கு அதிகப் பயம் இவற்றில்தான். குறை என்று நினைத்தால் யாராவது டாக்டரிடம் போவார்கள். பெருமை என்று நினைத்தால்?

“எங்க பிள்ளை ரொம்ப சாது. அழுகையே கிடையாது. பாலுக்குக்கூட நாமதான் எழுப்பணும்.” தைராய்டு சுரக்காமல் பிறந்த குழந்தை இப்படி இருக்கலாம். கூடவே மலச்சிக்கல், வாரக்கணக்கில் இறங்காத மஞ்சள் காமாலை, கரகரத்த அழுகை, உப்பிய முகம். குதிகாலில் சில சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சின்ன மாத்திரை ஒன்றைப் பொடித்துத் தாய்ப்பாலில் கலந்து தினமும் கொடுத்தால் போதும். பிறந்த இரண்டு வாரத்துக்குள் ஆரம்பித்தால் பிள்ளை மற்ற பிள்ளைகளைப் போல வளரும். மாதக்கணக்கில் தள்ளிப்போனால் மூளை வளர்ச்சி தங்கிவிடும். மாத்திரை அப்போதும் அதே விலைதான், பயன்தான் பாதிகூட இருக்காது.

“இவன் தாத்தா மாதிரி இடதுகைக்காரன். எட்டு மாசத்துலயே தெரிஞ்சுபோச்சு.” எட்டு மாதத்தில் எந்தப் பிள்ளையும் இடதுகைக்காரனும் இல்லை, வலதுகைக்காரனும் இல்லை. ஒரு வயதுக்கு முன்னால் குழந்தை இரண்டு கையையும் சரிசமமாக நீட்ட வேண்டும். ஒரு கையையே நீட்டுகிறது என்றால் மறு கை வரமாட்டேன் என்கிறது என்று அர்த்தம். அந்தக் கையைக் கவனியுங்கள். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி, முஷ்டி பிடித்தபடியே இருக்கிறதா? சட்டை மாட்டும்போது அந்தத் தோள் விறைக்கிறதா? பக்கவாதம் பெரியவர்களுக்கு மட்டும் வருவதில்லை, கருவிலேயே வந்துவிட்ட குழந்தைகள் உண்டு.

“நாலு மாசம்தான், பிடிச்சா நெட்டுக்குத்தா நிக்கிறான்!” நான்கு மாதக் குழந்தைக்குக் கழுத்து நிற்பதே பெரிய காரியம். காலைக் கட்டை மாதிரி விறைத்து, நுனிவிரலில் நின்று, தூக்கினால் இரண்டு காலும் கத்தரி போலப் பின்னிக்கொண்டால், மூளை முடக்குவாதத்தின் ஆரம்பமாக இருக்கலாம். டயபர் மாற்றும்போது தொடையை விரிக்க முடியாமல் அம்மா படும் பாடுதான் பல வீடுகளில் முதல் தடயம். அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொண்டிருக்கமாட்டார்கள்.

இனி சொல்லப்போவது ஒரு நாளும் தாமதிக்கக் கூடாதது. நான்கு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை, தூங்கி எழுந்தவுடன் திடீரென்று தலையைக் குனிந்து, இரண்டு கையையும் விரித்து, முழங்காலை வயிற்றை நோக்கி மடக்குகிறது. ஒன்றிரண்டு விநாடிதான். விட்டுவிடுகிறது. சில விநாடி கழித்து மறுபடி. மறுபடி. கும்பிடு போடுவதுபோல வரிசையாகப் பத்து, இருபது முறை. நடுவில் வீறிட்டு அழும். வீட்டில் என்ன சொல்வார்கள்? வயிற்றுவலி. பயந்திருக்கு. உரம் விழுந்திருக்கு. முறத்தில் போட்டு உரமெடுத்து, ஓமத் தண்ணீர் கொடுத்து, மந்திரித்துக் கயிறு கட்டி, ஒரு மாதத்தை ஓட்டிவிடுவார்கள்.

அது வலிப்பு. வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் தன் சொந்த மகனுக்கு வந்ததைப் பார்த்து 1841-ல் ‘லான்செட்’ இதழுக்குக் கடிதம் எழுதினார். குனிந்து எழும் அசைவை வைத்து அந்தக் காலத்தில் இதற்கு ‘சலாம்’ வலிப்பு என்றே பெயர். இன்று வெஸ்ட் சிண்ட்ரோம் என்கிறார்கள். கை கால் வெட்டி வாயில் நுரை தள்ளினால்தான் வலிப்பு என்று நாம் பழகிவிட்டதால் இது கண்ணில் படுவதில்லை. குழந்தை திடுக்கிடுவது வேறு: சத்தம் கேட்டால் வரும், ஒரு முறை வரும், ஆறு மாதத்துக்குள் மறைந்துவிடும். இது சத்தம் இல்லாமல் வரும், தொடர்ச்சியாக வரும். வந்த சில நாளில் குழந்தை சிரிப்பதை நிறுத்தும், முகத்தைப் பார்ப்பதை நிறுத்தும், நின்ற கழுத்து மறுபடி தொங்கும். பிறந்ததும் அழாத குழந்தைகள், பிறந்த முதல் நாட்களில் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிப்போன குழந்தைகள் இருக்கும் வீடுகளில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். பார்த்ததும் போனில் வீடியோ எடுங்கள். மருத்துவர் முன்னால் குழந்தை சமர்த்தாக இருக்கும். உங்கள் வீடியோதான் சாட்சி சொல்லும். அன்றைக்கே குழந்தை நரம்பியல் நிபுணர் இருக்கும் மருத்துவமனைக்குப் போய் இ.இ.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். சிகிச்சை இருக்கிறது. முதல் சில வாரங்களில் ஆரம்பித்தால்தான் பலன் அதிகம்.

பேச்சு எப்போது வரும் என்று எல்லோரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு முன்னால் விரல் வர வேண்டும் என்பதை யாரும் கவனிப்பதில்லை. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் கவனித்திருக்கிறார்கள். ஐந்தாம் மாதம் கையூன்றித் தலையாட்டும் செங்கீரை, ஒன்பதாம் மாதம் கைகொட்டும் சப்பாணி, பதின்மூன்றாம் மாதம் நடந்து வரும் வருகை, பதினைந்தாம் மாதம் நிலாவைக் கூப்பிடும் அம்புலி என்று பாட்டியல் நூல்கள் வகுத்த வரிசையைப் பார்த்தால், இன்றைய குழந்தை மருத்துவர் வைத்திருக்கும் பட்டியலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அம்புலிப் பருவத்தில் நடப்பதைப் பாருங்கள். நீங்கள் நிலாவைக் காட்டுகிறீர்கள். பிள்ளை நிலாவைப் பார்க்கிறது, திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறது, மறுபடி நிலாவைப் பார்க்கிறது. பிறகொரு நாள் தானே விரல் நீட்டி உங்களுக்குக் காட்டுகிறது. அந்த விரல் எதையும் கேட்கவில்லை, ‘நீயும் பாரு’ என்கிறது. ஒன்றரை வயதிலும் இது வரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, டாட்டா காட்டவில்லை, பிஸ்கட் வேண்டுமென்றால் உங்கள் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் பிடித்து இழுத்துப்போய் டப்பாமேல் வைக்கிறது என்றால், ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எம்-சாட் என்ற 20 கேள்விகள் கொண்ட படிவம் 16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கானது. நிரப்ப ஐந்து, பத்து நிமிடம் ஆகும். அது நோயை முடிவு செய்வதில்லை. மேற்கொண்டு பார்க்க வேண்டுமா என்று மட்டும் சொல்லும்.

“ரைம்ஸ் முப்பது சொல்லுவான், கார் பேரெல்லாம் சொல்லுவான்” என்ற சமாதானம் வேண்டாம். தண்ணீர் வேண்டும் என்று கேட்கிறானா? அதைச் சொல்லுங்கள்.

செல்போன் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021-ல் சொல்லியிருக்கிறது. அதை மதித்து போனைப் பிடுங்குங்கள், நல்லது. ஆனால் ‘எல்லாம் போனால வந்தது, போனை நிறுத்தினா மூணு மாசத்துல சரியாகிடும்’ என்று ரீல்ஸ் போடுபவர்களை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அதுவும் ‘பொறு’ என்பதன் புது வேடம்தான். இன்றே போனை நிறுத்துங்கள், இந்த வாரமே காதையும் வளர்ச்சியையும் பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சிவப்பு விளக்கு உண்டு. வந்தது போவது. பேசிய வார்த்தை நின்றுபோவது, உட்கார்ந்த பிள்ளை சாய்வது, சிரித்த பிள்ளை வெறிப்பது. ‘பல்லு முளைக்குது’, ‘கண்ணு பட்டுடுச்சு’, ‘தம்பி பிறந்த ஏக்கம்’ என்று எந்தக் காரணத்தையும் ஏற்காதீர்கள். எந்த வயதிலும், எத்தனை சின்ன இழப்பானாலும், மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். எளிதில் மாற்றக்கூடிய காரணமும் இதில் உண்டு. சுத்த சைவம் சாப்பிட்டு, பால் தயிரும் குறைவாகச் சேர்க்கும் அம்மாவுக்கு பி12 குறைந்திருக்கும். அவர் பாலை மட்டும் மாதக்கணக்கில் குடித்த குழந்தைக்கும் குறையும். குழந்தை வெளிறி, தலைமுடி செம்பட்டையாகி, விரல் கணுக்கள் கறுத்து, சிரிப்பை மறந்து, கை நடுங்க ஆரம்பிக்கும். பி12 ஊசி போட்டால் முகம் மலரத் தொடங்கும். நேரத்தோடு போட வேண்டும்.

இவ்வளவு பயமுறுத்திய பிறகு, பயப்பட வேண்டாத இடத்தையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். இந்தியா உட்பட 5 நாடுகளில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட கணக்குப்படி, பிடிக்காமல் உட்காருவது 3.8 மாதத்திலும் நடக்கலாம், 9.2 மாதத்திலும் நடக்கலாம். தானாக நடப்பது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை. எவ்வளவு அகலமான ஜன்னல் பாருங்கள். நூற்றில் நான்கு பிள்ளைகள் கைமுட்டி போட்டுத் தவழாமலே நடந்துவிட்டார்கள். 18 மாதம் முடிந்தும் நடக்கவில்லை என்றால்தான் ஜன்னல் மூடிவிட்டது என்று பொருள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு இரண்டு வயது வரை கழித்துக் கணக்குப் போடுங்கள். இரண்டு மாதம் முன்னால் பிறந்தவனுக்கு எட்டு மாதம் என்றால், வளர்ச்சியில் அவன் ஆறு மாதக் குழந்தை.

போன் ஆப்களில் வாராவாரம் ‘இந்நேரம் உங்கள் குழந்தை...’ என்று வரும் செய்தியைப் பார்த்துத் தூக்கம் கெடுகிறவர்களுக்கு ஒரு தகவல். பல பட்டியல்களில் இருப்பது பாதிக் குழந்தைகள் அதைச் செய்யும் வயது. அப்படியென்றால் மீதிப் பாதி இன்னும் செய்திருக்காது, அதுதானே கணக்கு! இதனால்தான் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2022-ல் தன் பட்டியலை மாற்றி, நூற்றுக்கு எழுபத்தைந்து குழந்தைகளாவது செய்யும் வயதை வைத்தது. உங்கள் ஆப் எந்தக் கணக்கு என்று சொல்லாவிட்டால் அழித்துவிடுங்கள்.

வாக்கரையும் தூக்கி எறியுங்கள். அதில் உட்கார வைத்தால் சீக்கிரம் நடக்கும் என்பது பொய், தாமதமாகும். படியில் உருண்ட குழந்தைகள் ஏராளம் என்பதால் கனடா 2004-லேயே வாக்கரைத் தடை செய்துவிட்டது. நம் பழைய மர நடைவண்டி வேறு. அதைத் தள்ளப் பிள்ளை தன் காலில் நின்றாக வேண்டும்.

குறை இருக்கிறது என்று தெரிந்த பிறகு வீட்டு வாசலுக்கு வருகிற கூட்டம் ஒன்று உண்டு. ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஆட்டிசம் போய்விடும், மூளை முடக்குவாதம் போய்விடும் என்று லட்சக்கணக்கில் கறப்பவர்கள். ரத்த நோய்கள் சிலவற்றுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவை தவிர மற்றதெல்லாம் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. ஆராய்ச்சிக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. நகையை அடகு வைக்குமுன் இதை ஒருமுறை படியுங்கள். தடுப்பூசியால் ஆட்டிசம் வந்தது என்ற கதையும் அப்படித்தான். 1998-ல் அதைக் கிளப்பிய கட்டுரையை ‘லான்செட்’டே 2010-ல் திரும்பப் பெற்றுவிட்டது.

எங்கே போவது? கையில் இருக்கும் தாய் சேய் பாதுகாப்பு அட்டையை எடுங்கள். தடுப்பூசிப் பக்கத்தை மட்டும் பார்த்திருப்பீர்கள். குழந்தை எந்த மாதம் என்ன செய்ய வேண்டும் என்று படம் போட்ட பக்கமும் அதில் உண்டு. அரசு அட்டவணைப்படி 14 வார ஊசிக்குப் பிறகு அடுத்தது 9 மாதத்தில். நடுவில் ஐந்தரை மாத இடைவெளி. சலாம் வலிப்பும், விறைத்த காலும், அடங்கிய மழலையும் தலைகாட்டுவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். ஊசி இல்லாவிட்டாலும் ஆறாம் மாதம் ஒருமுறை குழந்தையைக் காட்டிவிடுங்கள். மருத்துவர் நேரமில்லை என்றால் திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தின் அட்டவணையைக் கேளுங்கள். 17 வரிகள்தான், வரிக்கு ஒரு திறன், இரண்டு வயது வரை. பிள்ளையின் வயதுக்கு நேராகப் பென்சிலை நெட்டுக்குத்தாக வைத்தால், இடது பக்கம் முடிந்துபோன எந்த வரியைப் பிள்ளை செய்யவில்லையோ அங்கே சிக்கல்.

2013-ல் வந்த ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய கார்யக்ரம் திட்டத்தில் அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறை மருத்துவக் குழு வர வேண்டும். எப்போது வருகிறது என்று அங்கன்வாடி அக்காவிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ விசாரியுங்கள். அதே திட்டத்தில் மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. டி.இ.ஐ.சி. என்று கேட்டால் அரசு மருத்துவமனையில் வழிகாட்டுவார்கள். பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி எல்லாம் இலவசம். சென்னை வட்டாரத்துக்கு முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம், தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம். எங்கே போவதென்று புரியாவிட்டால் 104-க்கு போன் போடுங்கள். நோயின் பெயர் முடிவாகும் வரை பயிற்சிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒரே நாளில் ஆரம்பிக்கலாம்.

உறவுக்காரர்களுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பேசாத பிள்ளையோடு ஒரு தாய் உங்கள் முன்னால் நின்றால், உங்கள் வீட்டுக் கதையைச் சொல்லி ஆறுதல் படுத்தாதீர்கள். “காது டெஸ்ட் எடுத்தாச்சாம்மா?” என்று கேளுங்கள். இல்லையென்றால் கூடப் போய்வாருங்கள்.